வரவேற்புக்கான இரண்டாவது உடை

முகூர்த்தப் பட்டை உடுத்திப் பெரும்பாலும் உட்கார்ந்தே இருப்போம். மணவறையில் மணப்பெண் எழுந்து நடப்பது அக்கினியைச் சுற்றவும் அம்மி மிதிக்கவும்தான். வரவேற்பு உடை அப்படியல்ல. அதை உடுத்தி நின்றுகொண்டே இருக்க வேண்டும். மேடையில் போட்டிருக்கும் சோபா படத்துக்கு அழகு சேர்க்குமே தவிர, வரிசையாக விருந்தினர் ஏறி வரும்போது மணமக்கள் அதில் உட்கார வாய்ப்பது அரிது. அழைப்பிதழில் மாலை 6.30 முதல் 9.30 வரை என்று அச்சிட்டிருந்தாலும் கணக்கு அதற்கு முன்பே தொடங்கிவிடும். ஒப்பனை முடிந்து, மண்டப வாசலிலோ தோட்டத்திலோ மணமக்களைத் தனியாகப் படம் எடுக்க 5 மணிக்கே உடை தயாராக இருக்க வேண்டும். கடைசி விருந்தினர் சாப்பிட்டுக் கிளம்பி, இரு வீட்டுக் குடும்பப் படங்களும் எடுத்து முடிய 10.30 ஆகும். ஆக, இந்த இரண்டாவது உடை உடம்பில் இருக்கப்போவது ஐந்து, ஆறு மணி நேரம். கடையில் பொம்மைமேல் அது எப்படித் தெரிகிறது என்பதைவிட, அத்தனை நேரம் அதைத் தாங்க முடியுமா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

முகூர்த்தப் புடவையில் குலவழக்கம் உண்டு, நிறம் பற்றிய நம்பிக்கை உண்டு, மாப்பிள்ளை வீட்டார் எடுத்துத் தரும் முறையும் உண்டு. வரவேற்பு உடையில் இந்தக் கட்டுகள் அநேகமாக இல்லை. மணப்பெண் தன் உடம்புக்கு ஏற்றதைத் தானே தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் இடம் இது. அந்த உரிமையைப் பளபளப்புக்கு மட்டும் செலவழித்துவிடக் கூடாது.

எந்த நேரத்து வரவேற்பு

உடை பார்க்கக் கிளம்பும் முன் நிகழ்ச்சிகளின் வரிசையைத் தாளில் எழுதிக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் இந்து திருமணங்களில் பெரும்பாலும் முதல்நாள் மாலையே வரவேற்பு நடந்துவிடுகிறது. மறுநாள் விடியலில் முகூர்த்தம். முகூர்த்தம் 4.30–6 என்றால் மணப்பெண் அதிகாலை 2 மணிக்கு எழுந்து தலைக்குக் குளிக்க வேண்டும். அப்படிப்பட்ட இரவில் உடையைக் கழற்ற முக்கால் மணி நேரமும், தலையில் அடித்த ஸ்பிரேயைக் கழுவ இன்னொரு அரை மணி நேரமும் போனால் தூக்கம் என்று எதுவும் மிஞ்சாது. முதல்நாள் வரவேற்புக்கு, உடுத்துவதைப் போலவே களைவதும் எளிதாக இருக்கும் உடையே வேண்டும்.

முகூர்த்தம் முடிந்த அன்று மாலை வரவேற்பு என்றால் கவனிக்க வேண்டியவை வேறு. மணப்பெண் ஏற்கெனவே பதினைந்து மணி நேரம் விழித்திருப்பாள். உடை இன்னும் இலேசாக இருக்க வேண்டும். கழுத்தில் புதுத் தாலிக்கயிறு இருக்கும். அதில் தோய்த்த மஞ்சள், வியர்வை பட்டதும் துணியில் இறங்கும். வெளிர் ரோஜா, பால்வெள்ளை, சந்தன நிற ரவிக்கைகளின் கழுத்தோரத்தில் படியும் அந்தக் கறையைப் பட்டிலிருந்து எடுப்பது கடினம். கழுத்து இறக்கமான ரவிக்கையாக இருந்தால் கயிறு தோலின்மேலேயே தங்கும். மூடிய கழுத்தென்றால் உள்பக்கம் மஞ்சள் நிற லைனிங் வைத்துத் தைக்கச் சொல்லலாம். கால்விரலில் புது மெட்டி வேறு. பழகாத மெட்டி, வலைத்துணியில் செய்த பாவாடையின் உள்ளடுக்குகளில் மாட்டி இழுக்கும். முன்பக்கம் மூடிய காலணிக்குள் விரலை நெரிக்கும்.

தேவாலயத்தில் திருமணம் முடித்து நேராக மண்டபத்துக்கு வரும் கிறித்தவக் குடும்பங்களில் உடை மாற்றக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. வெள்ளைப் புடவையிலிருந்தோ கவுனிலிருந்தோ பட்டுக்கு மாறும் மணப்பெண்ணுக்கு, முன்பே மடிப்பு எடுத்துத் தேய்த்து வைத்த புடவை பெரிய உதவி. நிக்காஹ் முடிந்து வேறொரு நாளில் வலீமா விருந்து வைக்கும் வீடுகளில் நேர நெருக்கடி இல்லை. ஆனால் தலையை மூடும் துப்பட்டாவின் எடை சேர்வதால், உடையின் மற்ற பகுதியில் அந்த அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

எடை எங்கே தொங்குகிறது

உடை கனமா இலேசா என்பதைக் கையால் தூக்கிப் பார்த்து முடிவு செய்ய முடியாது. தூக்கும் கைக்கு ஒரு நிமிட வேலை. இடுப்புக்கு ஆறு மணி நேர வேலை. தராசில் வைத்துப் பார்ப்பதே சரி. எந்தக் கடையிலும் தயங்காமல் கேட்கலாம். சரிகை நிறைந்த காஞ்சிபுரம் புடவை ஒரு கிலோவை ஒட்டி வரும், சில அதையும் தாண்டும். பல இழைகளை முறுக்கிச் சேர்த்த நூலும், பட்டு இழையில் வெள்ளியைச் சுற்றித் தங்க முலாம் பூசிய சரிகையும்தான் காரணம். சாஃப்ட் சில்க் எனப்படும் மென்பட்டு அதில் பாதி அளவே இருக்கும். கல்லும் மணியும் ஜர்தோசியும் நிறைந்த மணப்பெண் லெஹங்கா 5 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். இதன்மேல் நகைகளின் எடை, ஜடை அலங்காரத்தின் எடை, வரவேற்பின் தொடக்கத்தில் போடும் ரோஜா மாலையின் எடை.

எடையின் அளவைவிட அது உடம்பின் எந்த இடத்தில் தொங்குகிறது என்பது முக்கியம். புடவையின் கனம் இரண்டாகப் பிரிகிறது. கொசுவம் இடுப்பில், முந்தானை இடது தோளில். முந்தானையில் சரிகை அதிகமென்றால் அது பின்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும், ஊக்கு குத்திய இடத்தில் பட்டு கிழியும். ஊக்குக்கு அடியில் சிறு துணித்துண்டு வைத்துக் குத்தினால் கிழியாது. லெஹங்காவில் பாவாடையின் மொத்தக் கனமும் இடுப்புப்பட்டை ஒன்றிலேயே தொங்குகிறது. அந்தப் பட்டை குறுகலாக இருந்து, நாடாவை இறுக்கிக் கட்டியிருந்தால் இரவில் இடுப்பைச் சுற்றிச் சிவந்த தடம் விழும். அடுத்த நாள் அதே இடத்தில்தான் முகூர்த்தப் புடவையின் உள்பாவாடை நாடாவும் கட்ட வேண்டும். இரண்டங்குல அகலத்துக்குக் குறையாத, உள்ளே பருத்தித் துணி வைத்த பட்டையும், பக்கவாட்டில் ஜிப்பும் கொக்கியும் இருந்தால் கனம் பரவும். தோளிலிருந்து தரைவரை ஒரே உடையாக இறங்கும் அனார்கலியும் கவுனும் எடையை இரு தோள்களுக்கும் பகிர்ந்து தருவதால், முதுகுவலியோ இடுப்புவலியோ உள்ள பெண்களுக்கு அவையே ஏற்றவை.

எதை உடுத்தலாம்

வரவேற்புக்கும் புடவையே வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நெசவிலேயே இலேசான வகைகள் நிறைய உண்டு. உடல்பகுதியில் சரிகை இல்லாமல் கரையிலும் முந்தானையிலும் மட்டும் சரிகை ஓடும் காஞ்சிபுரம், பொதுவாகக் கனம் குறைந்த ஆரணிப் பட்டு, மென்பட்டு, ஜார்ஜெட்டில் நெய்த பனாரஸ் எல்லாம் பல மணி நேரம் நிற்கத் தோதானவை. டிஷ்யூ பட்டு மேடை விளக்கில் மின்னும், பார்க்க மிக அழகு. ஆனால் அதன் உலோக இழை இடுப்பிலும் கையின் உட்புறத்திலும் உரசி அரிக்கும். ஆர்கன்சா காகிதம்போல் விறைத்து நிற்கும். இடுப்பில் உப்பிக்கொண்டு, குனிந்து நிமிர்ந்தால் மடிப்பு கலையும். மென்மையான தோல் உள்ளவர்கள் இந்த இரண்டையும் வாங்கும் முன் அரை மணி நேரமாவது உடுத்திப் பார்க்க வேண்டும்.

புடவை கட்டிப் பழக்கமில்லாத மணப்பெண்களே இன்று அதிகம். அவர்களுக்காக மடிப்பு எடுத்து, பின் குத்தி, பெட்டிபோல மடித்துத் தருபவர்கள் பல ஊர்களிலும் இருக்கிறார்கள். அப்படித் தயாராக வந்த புடவையைப் பத்து நிமிடத்தில் கட்டிவிடலாம். கொசுவத்தையும் முந்தானையையும் தைத்து, பாவாடைபோல மாட்டிக்கொள்ளும் முறையும் உண்டு. அதற்காக விலையுயர்ந்த பட்டை வெட்டித் தைப்பது தேவையில்லாத இழப்பு. வெட்டாமல் கைத்தையலால் மடிப்புகளைப் பிடித்துவிட்டால் பிறகு பிரித்துக்கொள்ளலாம். உடம்பை ஒட்டிய மீன்வால் உள்பாவாடை படத்தில் மெலிவாகக் காட்டும், ஆனால் மேடைப் படி ஏறும்போது முழங்காலைப் பிடிக்கும். பக்கவாட்டில் திறப்பு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

லெஹங்கா விரும்புகிறவர்கள் வேலைப்பாட்டை இடம் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். இடுப்புக்கு மேலே ரவிக்கையிலும் துப்பட்டாவின் ஓரத்திலும் நெருக்கமான வேலையும், பாவாடையில் அச்சோ நெசவோ மட்டும் இருந்தால் படத்தில் குறை தெரியாது. வரவேற்புப் படங்களில் பெரும்பாலானவை இடுப்புக்கு மேலேதான் எடுக்கப்படுகின்றன. பாவாடையை உப்பிக் காட்டும் கேன்கேன் வலை தனியாகக் கழற்றும்படி இருப்பது நல்லது. படம் எடுக்கும்போது அணிந்துவிட்டு, விருந்தினர் வரிசை தொடங்கியதும் எடுத்துவிடலாம். வலைக்கும் காலுக்கும் நடுவே பருத்தி அல்லது மென்மையான கிரேப் லைனிங் இல்லாவிட்டால் தொடையில் சிராய்ப்பு உறுதி. சென்னையில் இந்த உடைகளுக்குச் சவுகார்பேட்டைக்கும் தியாகராய நகருக்கும் போகிறவர்கள், லைனிங்கை உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.

அதிகம் நினைக்கப்படாத உடை ஒன்று உண்டு: பட்டுப் பாவாடை தாவணி. லெஹங்காவின் விரிவு அதில் இருக்கிறது, கனம் இல்லை. தாவணி ஓரிடத்தில் நிற்கும். கைகள் இரண்டும் சும்மா இருக்கும். பாட்டியின் பட்டுப் புடவையையே பாவாடையாகத் தைத்து, புதிய தாவணி சேர்த்து மேடையேறும் பெண்கள் இருக்கிறார்கள். நினைவும் வசதியும் ஒன்றாகச் சேரும் இந்த ஏற்பாட்டுக்குச் செலவும் குறைவு. பழைய பட்டு மடிப்புகளில் இற்றுப் போயிருக்கிறதா என்று வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துக்கொண்டால் போதும்.

கவுனில் தரையில் இழுபடும் வால்பகுதியை யார் மிதிப்பார்கள் என்று சொல்ல முடியாது. அதுவும் கழற்றும்படி இருக்கட்டும்.

ஒருநாள் உடுத்தப் பெரிய தொகை போடத் தயங்குகிறவர்களுக்கு வாடகை லெஹங்கா நல்ல வழி. தன் அளவுக்கு அதைப் பிடித்தோ விட்டோ தருவார்களா, எத்தனை நாள் கையில் இருக்கும், கறை பட்டால் முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அக்குள் பகுதியை முகர்ந்து பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்பு உடுத்தியவரின் வியர்வை, உடம்பு சூடேறியதும் மீண்டும் மணக்கும்.

ரவிக்கை

வரவேற்பு இரவில் மணப்பெண் படும் அவதியில் பெரும்பங்கு ரவிக்கையால் வருகிறது. புடவையும் பாவாடையும் சற்று நெகிழும், ரவிக்கை நெகிழாது. ஆரி வேலை செய்த ரவிக்கை சிறிதும் இடம் தராது. காரணம் அது தயாராகும் முறையில் இருக்கிறது. அளவை வரைந்த துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, நூலும் மணியும் கோத்து வேலையை முடித்த பிறகே வெட்டித் தைக்கிறார்கள். வேலை தொடங்கியபின் உடம்பு மாறினால் துணியை மாற்ற இயலாது. எனவே அளவு கொடுப்பது திருமணத்துக்கு மிக முன்பாகவும் இருக்கக் கூடாது, வேலைக்கு நேரமில்லாமலும் போகக் கூடாது. கைவேலைக்குத் தேவைப்படும் காலத்தைப் பொறுத்து ஒன்றரை, இரண்டு மாதம் முன்பு அளவெடுத்து, பத்து நாளைக்கு முன் போட்டுப் பார்ப்பது பாதுகாப்பானது. இடையில் எடை குறைக்கும் முயற்சியில் இருப்பவர்கள் அதைத் தையற்காரரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இரு பக்கத் தையலிலும் உள்ளே ஓர் அங்குலத்துக்கு மேல் துணி விட்டுத் தைக்கச் சொல்ல வேண்டும். அந்த இடத்திலும் அக்குளுக்கு அருகிலும் மணிவேலை வரக் கூடாது. மணி இருந்தால் தையலைப் பிரித்து விட முடியாது. கையைத் தொங்கவிடும் ஒவ்வொரு முறையும் அது மார்பின் பக்கவாட்டை அறுக்கும். வேலைப்பாட்டின் பின்புறம் முடிச்சுகளும் கம்பி நுனிகளும் நிறைந்தது. அதை மெல்லிய மல் துணியால் முழுவதும் மூட வேண்டும். கையின் உட்புறத்தையும் விட்டுவிடக் கூடாது. முழங்கை வரை வேலைப்பாடுள்ள இறுக்கமான கை, கையை மடக்க விடாது. முழங்கைக்கு ஓர் அங்குலம் மேலே முடித்தால் அந்தத் தொல்லை இல்லை.

கழுத்தின் இறக்கத்தைக் கண்ணாடி முன் நின்று பார்த்துத் தீர்மானிப்பது போதாது. வரவேற்பில் பெரியவர்கள் வருவார்கள். காலில் விழுந்து ஆசி வாங்க வேண்டும். கேமரா நேர் எதிரே இருக்கும். குனிந்து பார்த்து, முன்கழுத்து உடம்பை விட்டு விலகாமல் இருந்தால்தான் அது சரியான கழுத்து. முதுகுப்பக்கம் அகலமாகத் திறந்து ஒரே கயிற்றில் நிற்கும் வகை, கைகூப்பும்போதும் பரிசுப்பொருள் வாங்கும்போதும் தோளிலிருந்து வழுக்கும். பேட் வைத்துத் தைத்தால் தனி உள்ளாடை தேவையில்லை, ஒரு அடுக்கு குறையும், வெப்பமும் குறையும். பேட் இல்லாத ரவிக்கையென்றால், எந்த உள்ளாடையோடு அளவு கொடுக்கப்பட்டதோ அதையே அன்றும் அணிய வேண்டும்.

கொக்கி முன்பக்கம் இருந்தால் மணப்பெண்ணே போட்டுக்கொள்ளலாம். பின்பக்கக் கொக்கிக்கும் கயிற்றுக்கும் இன்னொரு ஆள் வேண்டும். இரவு 11 மணிக்கு அம்மாவும் அக்காவும் மறுநாள் வேலையில் மூழ்கியிருக்கும்போது அந்த ஆளைத் தேட வேண்டி வரும்.

நிறமும் வெளிச்சமும்

மேடைக்குப் பின்னால் வரப்போகும் அலங்காரத்தின் நிறத்தை மண்டபத்தாரிடம் முன்பே கேட்டறிய வேண்டும். இலைப்பச்சைச் சுவர் முன் பச்சை உடுத்தினால் படத்தில் தலை மட்டும் மிதக்கும். நீலமும் ஊதாவும் கலந்த எல்இடி வெளிச்சத்தில் மரூன் கறுத்துத் தெரியும். குளிர்சாதன மண்டபம் என்பதை நம்பிக் கனத்த வெல்வெட் எடுக்கக் கூடாது. அலங்காரத் தட்டிகள் காற்றை மறைத்துக்கொள்வதால் மண்டபத்திலேயே புழுக்கமான இடம் பெரும்பாலும் மேடைதான். சித்திரை, வைகாசியில் கடலோர ஊர்களில் நடக்கும் திருமணங்களில் இது நன்றாக உறைக்கும். வெளிர் நிற ராசில்க்கில் அக்குள் வியர்வை ஈரம் உடனே தெரிந்துவிடும். அடர்நிறத்திலோ பூவேலை நிறைந்த துணியிலோ அவ்வளவாகத் தெரியாது.

காலணி

காலணி வாங்கியபின்தான் பாவாடையின் உயரத்தை அளக்க வேண்டும். அதே காலணியைப் போட்டுக்கொண்டு அளக்க வேண்டும். முன்பக்கம் தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கியிருந்தால் படியேறும்போது தடுக்காது. கூர்மையான குதிகால், கம்பளத்துக்குக் கீழே பலகைகளின் இடைவெளியில் இறங்கிவிடும். அகன்ற குதியோ சமமாக உயர்ந்த அடியோ உள்ளதை எடுத்து, உயரத்தை இரண்டங்குலத்தோடு நிறுத்துவது நல்லது. சோபாவுக்குப் பின்னால் ஒரு ஜோடி தட்டைச் செருப்பு இருக்கட்டும். கால் தெரியாத உடையில் எட்டு மணிக்குமேல் அதை மாற்றிக்கொண்டால் யாருக்கும் தெரியாது.

வீட்டில் ஓர் ஒத்திகை

உடை கைக்கு வந்ததும், திருமணத்துக்கு ஒரு வாரம் முன்பாவது, வீட்டில் முழுமையாக உடுத்திப் பார்க்க வேண்டும். நகை, காலணி, துப்பட்டா, ஊக்கு எல்லாவற்றோடும் ஒரு மணி நேரம். கடையின் சோதனை அறையில் ஐந்து நிமிடம் நிற்பது இதற்கு ஈடாகாது. அரிப்பும் இறுக்கமும் இருபது நிமிடத்துக்குப் பிறகே தெரியத் தொடங்கும். அந்த ஒரு மணி நேரத்தில் மேடையில் செய்யப்போவதை எல்லாம் செய்து பார்க்கலாம். மாடிப்படி ஏறி இறங்கி, பெரியவர் ஒருவர் காலில் விழுந்து எழுந்து, இரு கையையும் தலைக்குமேல் தூக்கி, மாலை போடுவதுபோல முன்னால் நீட்டி, தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, இலையிலோ தட்டிலோ சாப்பிட்டும் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் பொருந்தும் இடுப்புப்பட்டை சாப்பிட்டபின் மூச்சை அடைக்கும். ரவிக்கை கைதூக்கும்போது மேலேறினால் நீளம் குறைவு. உட்காரும்போது விலாவில் குத்தினால் நீளம் அதிகம். இரண்டையும் உடனே தையற்காரரிடம் சொல்லிவிட வேண்டும்.

கழிப்பறைக்குப் போய்வருவதையும் இதில் சேர்த்தே பார்க்க வேண்டும். பேசக் கூச்சப்படும் விஷயம் என்பதால் இது திட்டத்திலிருந்து விடுபட்டுப்போகிறது. விளைவு மணப்பெண்ணின் உடம்பில் விடிகிறது. கனத்த பாவாடையோடு போக முடியாது என்று பயந்து மதியத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் பலர். வெக்கையும் வெறும் வயிறும் அதோடு சேர்ந்தால் தலைவலியும் மயக்கமும் வரும். ஒருவர் துணையோடு ஐந்து நிமிடத்தில் போய்வர முடிகிற உடைதான் மேடைக்கு உகந்த உடை. மண்டபத்தின் மணமகள் அறையில் மேற்கத்திய கழிப்பறை இருக்கிறதா, உள்ளே இருவர் நிற்க இடம் உண்டா என்று முன்பே பார்த்துவைக்கலாம். மாதவிடாய் நாள் அதை ஒட்டி வருமென்றால் அடர்நிற உள்பாவாடையும் இலேசான உடையும் மனக்கவலையைப் பாதியாகக் குறைக்கும்.

அன்றைய கைப்பையும் அதற்குப் பின்பும்

உடையின் நிறத்தில் நூல் கோத்த ஊசி, கொக்கிகள், பல அளவு ஊக்குகள், இருபக்கம் ஒட்டும் நாடா, வியர்வை உறிஞ்சும் பட்டைகள், முகப்பவுடர் ஆகியவற்றை ஒரு சிறு பையில் போட்டு, மேடை அருகிலேயே இருக்கும் தங்கையிடமோ தோழியிடமோ கொடுத்துவைக்க வேண்டும். எண்ணெய் தெறித்தால் தண்ணீர் விட்டுத் தேய்க்காமல் பவுடரைத் தூவி விட்டுவிடுவது மேல். ரோஜா மாலையில் தெளித்த நீர் பட்டில் கறையாகும். மாலையைப் போடும் முன் நன்றாக உதறச் சொல்ல வேண்டும். வாசனைத் திரவியத்தை உடை உடுத்தும் முன் தோலில் மட்டும் தெளிக்க வேண்டும். சரிகைமேல் பட்டால் அது கறுக்கும். குத்திய ஊக்குகளை எண்ணி வைத்துக்கொண்டால், அவிழ்க்கும்போது ஒன்றும் உள்ளே தங்காது.

அவிழ்த்த உடையை அந்த இரவே பெட்டியில் திணிக்காமல், நாற்காலியில் விரித்துப் போட்டு, மறுநாள் நிழலில் காற்றாட விட வேண்டும். வியர்வை காய்ந்தபின் பட்டைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும். கனமான லெஹங்காவைக் கொக்கியில் தொங்கவிட்டால் இடுப்புப்பட்டை இழுபட்டு உருமாறும். படுக்கைவசமாக மடித்து, மணிவேலைகளுக்கு நடுவே மெல்லிய துணி வைத்தே அடுக்க வேண்டும்.